கத்திக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு காகிதம்

சென்ற மாதம் பழைய பட்டறையிலிருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார். மோட்டார் பூட்டிய ஸ்பிண்டில் மெஷின் ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம். அதன் தலைக்கு மேல் எச்சரிக்கைப் பலகை ஒன்று மூன்று மொழிகளில் மாட்டப் போகிறார்களாம். தமிழ்ப் பகுதியை நான் எழுதித் தந்தால் நல்லதாம். எழுதித் தந்தேன். பதினொரு பக்கம் வந்தது. பலகையின் நீளமே இரண்டு அடிதான் என்று மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ‘கவனம்’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக்கொண்டதாகக் கேள்வி. மீதிப் பதினொரு பக்கத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கொடுத்தேன். மனிதர் இளகிய மனசுக்காரர்.

மெஷின் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரத்தில் ஓர் இரும்பு மேசை. அதன் நடுவில் ஒரு துளை. துளை வழியாகச் செங்குத்தாக ஒரு கம்பி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் ஸ்பிண்டில். அதில் இரண்டு கத்திகளைப் பூட்டிச் சுழலவிட்டு, பக்கத்தில் மரச்சட்டத்தை உரசிக்கொண்டு போனால், கத்தியின் உருவம் சட்டத்தின் ஓரத்தில் விழும். ஜன்னல் சட்டம், கதவு விளிம்பு, படத்துக்குச் சட்டகம் எல்லாம் இதில்தான். நிற்கும்போது பார்த்தால் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி சாதுவாக இருக்கும். சுழலும்போது கத்தி கண்ணுக்கே தெரியாது; ஒரு மங்கலான புகைவளையம் தெரியும், அவ்வளவுதான். விரலை இழந்தவர்கள் எல்லோரும் அந்தப் புகையை நம்பியவர்களே. எங்கள் ஆட்கள் அதற்குப் ‘பம்பரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நான் மரத்தொழிலாளி அல்ல. ஜொகூர் பாருவில், கடலோரத்து மரவாடி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கிராணியாக இருந்தவன். கடிதம் எழுதுவது, வந்த மரத்துக்குச் சீட்டு எழுதுவது, இரண்டுக்கும் இடையே புத்தகம் படிப்பது ஆகியவை என் உத்தியோகம். மூன்றாவதைத்தான் ஒழுங்காகச் செய்தேன். பெரிய சண்டை முடிந்த பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் கட்டடம் கட்டுவதை நிறுத்தின. வாடிக்குக் கடிதங்கள் வருவது குறைந்தது. கடிதமே வராத வாடிக்குக் கிராணி எதற்கு என்கிற கேள்வி முதலாளிக்கு வர ரொம்ப நாள் ஆகவில்லை.

முதலாளி சீனர்; தவுக்கே என்போம். வெள்ளை பனியன், கறுப்புக் கால்சட்டை, மரக்கட்டைச் செருப்பு. பஜார் மலாயில் பேசுவார். அதையும் சிக்கனமாகப் பேசுவார். ஒருநாள் காலை என் மேசைக்கு வந்து, எண்ணெய்க்கறை படிந்த ஆங்கிலச் சிறு புத்தகம் ஒன்றைப் போட்டார்.

“லூ தாவு பாச்சா?” என்றார். உனக்குப் படிக்கத் தெரியுமா என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறார்.

தெரியும் என்றேன். சிங்கப்பூரில் ஒரு மரப்பட்டறை மூடப்பட்டதாம். அங்கிருந்து பழைய ஸ்பிண்டில் ஒன்றும், அதனோடு மரத்தைத் தானே தள்ளிக்கொடுக்கும் கருவி ஒன்றும் வாங்கிவிட்டார். எப்படி ஓட்டுவது என்பது இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே நீ இனி மெஷினுக்குப் போ. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ. இவ்வளவையும் ஆறு வார்த்தைகளில் சொன்னார்.

வீடு என்பது வாடிக்குப் பின்னால், வாடிக்குச் சொந்தமான ஓர் அறை. அதுவும் போனால் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் மைத்துனன் இருந்த தோட்டத்துக்குப் போக வேண்டும். அந்தத் தோட்டத்திலோ இருக்கிற ஆட்களையே ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மெஷினுக்குப் போனேன்.

அப்போது சிங்கப்பூருக்குக் கடற்பாலம் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. மெஷின் தொங்காங் படகில் வந்தது. அதை இறக்கியவர்களோடு படகிலேயே வந்து இறங்கினார் சவரிமுத்து.

அவர்தான் புதிய மாண்டோர், அதாவது எங்கள் மேற்பார்வையாளர். எனக்கு வயது முப்பத்துமூன்று; அவருக்கு இருபத்தைந்து இருக்கலாம். சிங்கப்பூரில் மூடப்பட்ட அந்தப் பட்டறையில் அதே மெஷினை ஐந்து வருஷம் ஓட்டியவர். கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் எழுத்தோடு பகையும் இல்லை, உறவும் இல்லை. நான் முதலில் பார்த்தது அவர் விரல்களை. பத்தும் இருந்தன. எங்கள் வாடியில் ரம்பம் ஓட்டிய நாலு பேருக்கும் சேர்த்து முப்பத்துநாலுதான் தேறும். ஆகவே அந்தப் பத்து விரலை நான் படித்த எந்தச் சான்றிதழையும்விட அதிகம் மதித்தேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பம்பரம் அலறும்போது யார் கத்தினாலும் பயனில்லை என்பதால், ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் வந்து, காதருகே குனிந்து, கோயிலில் பேசுவதுபோலச் சொல்வார். மெஷின் நிற்கும்போதும் அதே குரல்தான். என்னைக் ‘கிராணியாரே’ என்றுதான் கூப்பிடுவார். ‘நீங்க’ போட்டுத்தான் பேசுவார். திட்டு வாங்குவதில் எனக்கு முன் அனுபவம் உண்டு. மரியாதையாகத் திட்டு வாங்குவதில் அதற்கு முன் அனுபவம் கிடையாது. காலையில் மெஷினை ஓட்டுமுன், ஸ்பிண்டிலைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பி, கத்தி எதிலாவது உரசுகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு குறட்டால் ஒவ்வொரு கத்தியையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். வராது என்று தெரிந்தும் தினமும் இழுப்பார். நட்டை முடுக்கியாயிற்றா என்று கேட்கவே மாட்டார். “எப்ப முடுக்கினீங்க?” என்பார். ‘ஆயிற்று’ என்று பொய் சொல்வது சுலபம். ‘எப்போது’ என்பதற்குப் பொய் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்; அந்த யோசனையை அவர் முகத்தில் படித்துவிடுவார்.

தள்ளும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேசை மேல் ஒரு கைபோல நீண்டு நிற்கும். அதன் அடியில் இரண்டு ரப்பர்ச் சக்கரங்கள். சக்கரம் மரத்தை அழுத்திப் பிடித்து, ஒரே வேகத்தில் கத்தியை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். மனிதன் ஒரு முனையில் சட்டத்தை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். மறு முனையில் இன்னொருவன் எடுத்துக்கொள்ளலாம். கைக்கும் கத்திக்கும் உறவே வேண்டாம். நம் ஊர் ரப்பர்ப் பால் கப்பலேறிச் சீமைக்குப் போய், சக்கரமாகித் திரும்பி வந்து, எங்களிடமே வேலை வாங்கியது. தான் வேலை செய்யாது, பின்னால் நின்று அடுத்தவனை ஒரே வேகத்தில் முன்னே தள்ளும், யாருக்காகவும் நிற்காது என்பதால் ஆட்கள் அதற்குக் ‘கங்காணி’ என்று பெயரிட்டார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

புத்தகத்தை நான் மூன்று தடவை படித்தேன். சக்கரத்தைச் சட்டத்தின் கனத்தைவிட அரைக்கால் அங்குலம் தாழ்த்தி வைக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். கருவியைத் துளி சாய்த்து வைக்க வேண்டும், அப்போதுதான் மரம், மேசைமேல் அதற்கு வழிகாட்டியாக நிற்கும் அணைப்பலகையை ஒட்டிப் போகும். கத்தி சுழலும் திசைக்கு எதிராகத்தான் மரம் போக வேண்டும். எல்லாவற்றையும் தமிழில் எழுதி, முக்கியமானவற்றுக்கு அடிக்கோடு போட்டு, சவரிமுத்துவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். ‘நல்லா இருக்கு’ என்றார், கதாகாலட்சேபம் கேட்டவர் மாதிரி.

மேலே ஓடும் நீராவி ஷாப்டிலிருந்து ஸ்பிண்டிலுக்கு வார் இழுக்கும் வேலையை நான் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன். படுத்திருக்கும் ஷாப்டிலிருந்து நிற்கும் ஸ்பிண்டிலுக்கு வார் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டுதான் வர வேண்டும். எந்தப் பக்கம் முறுக்கினால் என்ன, சுற்றினால் சரி என்று நினைத்துவிட்டேன். அன்று கங்காணியை இன்னும் பூட்டவில்லை. முதல் சட்டத்தைச் சவரிமுத்து கையால் கொடுக்கவில்லை. நீளமான இன்னொரு கட்டையால், எட்ட நின்று தள்ளினார். கத்தியைத் தொட்டதுதான் தாமதம், சட்டம் காணாமல் போயிற்று. எதிர்ப்பக்கப் பலகைச் சுவரில் புதிதாக ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாகப் பார்த்தால், கடல் வற்றிய சேற்றில் எங்கள் சட்டம் குத்திட்டு நின்று ஆடிக்கொண்டிருந்தது.

கத்தி தலைகீழாகச் சுழன்றிருக்கிறது. மரத்தை எதிர்க்க வேண்டிய கத்தி, மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது.

சவரிமுத்து என் பக்கத்தில் வந்து குனிந்தார். “சுத்துற திசை புஸ்தகத்துல போட்டிருந்துச்சா, கிராணியாரே?”

“போட்டிருந்துச்சு மாண்டோர். ஏழாம் பக்கம்.”

“வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன்.”

“பெல்ட்டுக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?”

சீனத் தச்சர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள்.

அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இடது கையைத் தொடைமேல் வைத்துக் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். என் மனைவி கனகம் இரண்டு நாள் பொறுத்தாள்.

“என்னங்க, தொடையில ஜெபமாலை உருட்டுறீங்க? வேதத்துல சேர்ந்திட்டீங்களா?” என்றாள்.

“எல்லாம் இருக்கான்னு பாக்குறேன்.”

“சோத்துக் கையையும் ஒரு தடவ பாத்திட்டு வாயில வைங்க. ஆறிப்போவுது.”

கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். மூன்று மாதத்தில் கங்காணியைப் பூட்டவும், கத்தி தீட்டவும், கத்தியின் ஓசை மாறினால் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டேன். பயம் மட்டும் பழகவில்லை.

அப்புறம்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

பெரிய கட்டடம் ஒன்றுக்கு ஜன்னல் சட்டங்கள் செய்யும் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைத் தொங்காங்கில் சரக்கு ஏற வேண்டும். தவுக்கே புதன்கிழமை வந்து, மெஷினையும் என்னையும் ஒரே பார்வையில் பார்த்தார். “சனிக்கிழமை சரக்கு ஏறணும். ஏறலன்னா மெஷினை வந்த ஊருக்கே வித்துருவேன்” என்றார் மலாயில். மெஷினோடு என்னை விற்க முடியாது. என்னை என்ன செய்வார் என்பதை அவர் சொல்லவில்லை, தேவையும் இல்லை.

அந்தச் சட்டத்துக்குத் தனி வடிவக் கத்தி. ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அதைப் பூட்டுகிற விதத்தை வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஸ்பிண்டிலில் கனமான இரண்டு இரும்பு வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்று. இரண்டிலும் காடி வெட்டியிருக்கும். இந்தப் பக்கம் ஒரு கத்தி, அந்தப் பக்கம் ஒரு கத்தி. இரண்டின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் காடியில் உட்காரும். மேலே நட்டைப் போட்டு முடுக்கினால் வளையங்கள் நெருங்கிக் கத்திகளைக் கடித்துக்கொள்ளும். ஆணி கிடையாது, துளை கிடையாது. அந்தக் கடி ஒன்றுதான் பிடிப்பு. ஆகவே இரண்டு கத்தியும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒரே அகலமாக இருக்க வேண்டும். ஒன்று குறுகலாக இருந்தால், வளையங்கள் அகலமானதைத்தான் கடிக்கும்; குறுகலானது விருந்தாளி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். சுழல ஆரம்பித்தால் விருந்தாளி கிளம்பிவிடுவார். எந்தப் பக்கம் கிளம்புவார் என்பதும் தெரிந்ததே: வலப்பக்கம், மரத்தை வைத்துக்கொடுக்கிறவனின் வயிற்று உயரத்தில். சட்டத்தை எடுக்கிறவன் இடப்பக்கம் நிற்பான். அவனுக்கு அவ்வளவாக ஆபத்தில்லை.

‘கத்திகளின் அகலம் சமமாக இருத்தல் அவசியம்.’ என் கையால் தமிழில் எழுதிய வரி. இரண்டு கோடு போட்டிருந்தேன்.

வியாழன் காலை, ஒரு கத்தியின் விளிம்பில் துரு இருந்ததால் காடியில் சரியாக உட்காரவில்லை. அரம் போட்டேன். உட்கார்ந்தது. இன்னும் நன்றாக உட்காரட்டும் என்று இன்னும் நாலு இழுப்பு. கடிதத்தில் பிழை போனால் அடித்து எழுதலாம். அரம் தின்ற இரும்பைத் திரும்ப எழுதுவதற்கு வழியில்லை. நட்டை முடுக்கி, விரலால் தட்டிப் பார்த்தேன். அந்தக் கத்தி ஆடியது. ஆடியது என்றுகூடச் சொல்லக்கூடாது. தூக்கத்தில் புரள்கிறவர் மாதிரி லேசாக அசைந்தது.

புதுக் கத்தி சிங்கப்பூரிலிருந்து வர நாலு நாளாகும்.

அடுத்து நான் செய்ததை ஒரு தச்சன் செய்யமாட்டான், ஒரு பிட்டர் செய்யமாட்டான். பன்னிரண்டு வருஷம் ஆடுகிற மேசைக்கெல்லாம் காகிதம் மடித்து முட்டுக்கொடுத்த ஒரு கிராணிதான் செய்வான். சட்டைப் பையில் சென்னையிலிருந்து வரும் மாதப் பத்திரிகை இருந்தது. அதன் அட்டையில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக் கத்திக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்தேன். முடுக்கினேன். தட்டினேன். அசையவில்லை. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

சவரிமுத்து வந்தார். ஸ்பிண்டிலைக் கையால் திருப்பினார். குறட்டால் இரண்டையும் இழுத்தார். வரவில்லை.

“எப்ப முடுக்கினீங்க?”

“இப்பத்தான் மாண்டோர்.”

“ரெண்டும் சமமா?”

“சமம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் முப்பத்தெட்டுச் சட்டங்கள் போயின. ஒவ்வொன்று போகும்போதும் என் உயிர் அதனோடு போய்த் திரும்பி வந்தது. அவர் வலப்பக்கம் நின்று வைத்துக்கொடுத்தார். நான் இடப்பக்கம் நின்று எடுத்தேன். முப்பத்தெட்டுக்குப் பிறகு, காகிதம் தாங்குகிறது என்று நம்ப ஆரம்பித்தேன். பகல் சாப்பாட்டை வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தவுக்கே பார்க்க வந்தார். பார்க்க வசதியான இடம் சவரிமுத்துவின் பக்கம்தான். அங்கே போய், இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார். பம்பரம் அலறியது. கங்காணி தள்ளியது. முதல் சட்டம் என் கைக்கு வந்தது. வழக்கம்போலக் கட்டைவிரலை அதன் பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

பள்ளம் ஆழமாக இருந்தது.

நகக்கனம்தான். மரம் மிருதுவாக இருந்திருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெராந்தி மரம் அப்படித்தான், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. இரண்டாவது சட்டம் வந்தது. விரல் இன்னும் கீழே இறங்கியது. காலைச் சட்டம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமில்லை. கத்தி வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு நகக்கனம் வெளியே வந்து, அதற்குத் தகுந்தபடி ஆழமாக வெட்டிக்கொண்டிருந்தது. இது அந்தப் பட்டறையில் ஒருவனுக்குத்தான் தெரியும், சட்டத்தை எடுக்கிறவனுக்கு. வைத்துக்கொடுக்கிறவர் வெட்டாத மரத்தைத்தான் பார்க்கிறார்.

நான் உடனே ஓடிப்போய் நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். எழுதுகிறவன் நான், மறுத்துச் சொல்ல ஆளில்லை. ஆனால் நடந்தது வேறு. தவுக்கே முன்னால் மெஷினை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கத்தி போயிற்று, சனிக்கிழமை போயிற்று, நானும் அறையும் கனகமும் சிம்பாங் ரெங்கமும் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. நிறுத்தாவிட்டால் ஒருவேளை தாங்கலாம். காலையில் முப்பத்தெட்டு தாங்கவில்லையா? அந்த ‘ஒருவேளை’யை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் கங்காணி மூன்றாவது சட்டத்தையும் தள்ளிக் கொடுத்துவிட்டது. அதை நான் விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. பார்வைக்கே தெரிந்தது.

சவரிமுத்து நாலாவதை எடுக்கக் குனிந்தார். அவர் சட்டைப் பித்தான் ஒன்று மேசையின் விளிம்புக்கு நேராக இருந்தது. அந்தப் பித்தான் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சத்தம் போட்டுப் பிரயோஜனமில்லை. கத்தினால் என்னவென்று கேட்க அவர் தலையைக் குனிந்துகொண்டு கிட்டே வருவார். அது அவர் பழக்கம். வாரைத் தள்ளி நிறுத்துகிற கம்பு அவர் பக்கத்தில் தொங்கியது. மெஷினின் பின்பக்கமாகச் சுற்றி ஓடினேன். கம்பைப் பிடித்து இழுத்தேன். வார் சும்மா சுற்றும் புல்லிக்கு நகர்ந்தது. கங்காணி, அதற்குள் வாங்கியிருந்த நாலாவது சட்டத்தைப் பாதியில் பிடித்தபடியே நின்றது.

ஸ்பிண்டில் நிற்கவில்லை. அதற்குப் பிரேக் கிடையாது. தன் வேகம் தீரும்வரை சுற்றத்தான் செய்யும்.

“அப்பா பசால்?” என்று தவுக்கே கத்தினார். எதற்கு நிறுத்தினாய் என்கிறார். அதே இடத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டே. அவர் பனியனை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். பன்னிரண்டு வருஷம் அவர் முன்னால் உட்காரக்கூடத் துணியாத நான், அவரை மரத்தூளில் உட்காரவைத்து மேலே கவிழ்ந்துகொண்டேன். சவரிமுத்து எங்களைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், குந்திவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த தச்சர்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள்.

அலறல் இறங்கி ஊளையானது. ஊளை முனகலானது. அடியில் டக்டக்கென்று இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கலாம். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எவ்வளவோ வருஷங்கள் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கின்றன.

நின்றது.

சவரிமுத்து எழுந்து போனார். ஸ்பேனரை எடுக்கவில்லை. இரண்டு விரலால் அந்தக் கத்தியைப் பிடித்துப் பூப்பறிப்பதுபோல வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு காடிக்குள் நகத்தை விட்டு, பழுப்பாகக் கருகிய காகிதத் துண்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“இதுல என்ன போட்டிருக்கு, கிராணியாரே? வாசிங்க.”

கருகாத இடத்தில் ஒரு வரி மிச்சமிருந்தது. வாசித்தேன். “‘இதழ் தாமதமானதற்கு வருந்துகிறோம்.’”

“யாரு வருந்துறா?”

“பத்திரிகைக்காரங்க.”

“நீங்க?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “எத்தனை சட்டம் முன்னாடி தெரிஞ்சது?” என்றார். அதே கோயில் குரல்.

“மூணு.”

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தவுக்கே மரத்தூளைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சியாப்பா பாசாங்?” என்றார். யார் பூட்டியது?

சவரிமுத்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம், மாண்டோர் என்ற முறையில் சொல்ல வேண்டியது அவர்தான். ஆனால் அந்த வேலையை எனக்கு விட்டுவைத்தார்.

“சாயா” என்றேன். நான். எனக்குத் தெரிந்த மலாயில் அரம், காகிதம், மூன்று சட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்துக்குச் சொல் கிடைத்தது. அரத்துக்குக் கிடைக்காமல் கையால் அராவிக் காட்டினேன்.

தவுக்கே கேட்டு முடித்தார். ஸ்பிண்டிலிலிருந்து தான் நின்ற இடத்துக்கு விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். கோடு அவர் பனியனில், தொப்புளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து முடிந்தது. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் போ என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அறையில் எதை முதலில் மூட்டை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் அந்த விரலைத் தன் வயிற்றிலிருந்து எடுத்து என் வயிற்றில் வைத்தார்.

“லூ பாசாங், லூ டிரி சீத்து.” நீ பூட்டினால் நீயே அங்கே நில்.

அவ்வளவுதான். மரக்கட்டைச் செருப்பு டொக் டொக்கென்று போய்விட்டது. சனிக்கிழமைத் தொங்காங் எங்கள் சரக்கில்லாமல் போயிற்று. கட்டடக்காரர்களிடம் தவுக்கே என்ன பேசினாரோ, அடுத்த வாரத்துக்குத் தவணை வாங்கினார். மெஷினை விற்கவில்லை. ஆனால் அவர் சொன்னது வாடியின் சட்டமாகிவிட்டது. எவன் கத்தியைப் பூட்டுகிறானோ அவன்தான் முதல் ஓட்டத்துக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும், கத்தி கழன்றால் அது வரும் வழியில். நான் வேலையை விடும்வரை பதினாறு வருஷம் அந்தச் சட்டம் இருந்தது. என் இரண்டு காதும் அந்த இடத்தில் நின்றுதான் போயின.

சரக்கில்லாத தொங்காங் போன மூன்றாம் நாள் புதுக் கத்தி வந்தது. அளந்தேன். இன்னொரு தடவை அளந்தேன். பூட்டி முடுக்கினேன். சவரிமுத்து திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தச்சர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தவுக்கே எட்டத்தில், மெராந்திக் கட்டைகளின் அடுக்குக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் வலப்பக்கம் போய் நின்றேன். மேசையின் விளிம்பு சரியாகத் தொப்புளுக்கு நேராக வந்தது.

“போடட்டுமா?” என்றார் சவரிமுத்து.

“பொறுங்க.” போய் நட்டை இன்னொரு தடவை பார்த்தேன். திரும்பி வந்து நின்றேன்.

“போடட்டுமா?”

“பொறுங்க மாண்டோர்.” கத்தியை இழுத்துப் பார்த்தேன். காடியில் நகத்தை விட்டுப் பார்த்தேன். மெராந்தி அடுக்குக்குப் பின்னாலிருந்து தவுக்கேயின் ஹொக்கியன் சீனத்தில் ஒரு வசவு வந்தது. சவரிமுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தனக்கு ஒரு அவசரமும் இல்லை என்பதுபோலக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வேட்டியை இறுக்கிக் கட்டினேன். சட்டத்தை எடுத்துச் சக்கரத்தின் வாயில் வைத்தேன்.

“போடுங்க” என்றேன்.

பம்பரம் முனகியது, ஊளையிட்டது, அலறியது. கங்காணி சட்டத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போயிற்று. மறு முனையில் சவரிமுத்து அதை எடுத்தார். பள்ளத்தில் கட்டைவிரலை முழு நீளத்துக்கும் ஓட்டினார். கீழே வைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே, அடுத்ததைக் கொடு என்று கையைத் தூக்கினார்.